எறும்பையும் பூச்சரத்தையும் காட்டும் படப் புத்தகங்கள்: புதிதாகத் தொடங்குவோருக்கு

வீட்டில் மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை இருக்கிறது. படப் புத்தகம் வாங்கிப் படித்துக்காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. எங்கே தொடங்குவது, எதை வாங்குவது, எப்படிப் படிப்பது என்பதுதான் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட அம்மா அப்பாக்களுக்கும், தாத்தா அப்பத்தாக்களுக்கும், தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை படிக்க நினைக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். மதுரை செல்லூரில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு படப் புத்தகம் வாசித்து வருகிறோம். அங்கே பழகித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

எல்லாப் படப் புத்தகங்களையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வகைதான்: அன்றாடத்தில் கிடக்கும் சின்ன விஷயங்களைப் பிள்ளை நின்று பார்க்கும்படி செய்கிற புத்தகங்கள். மழை விட்ட பிறகு ஓட்டு முனையில் தொங்கும் கடைசிச் சொட்டு, சோற்றுப் பருக்கையை இழுத்துப் போகும் எறும்பு, அப்பத்தாவின் சுருக்குப் பையில் என்னதான் இருக்கிறது என்ற கேள்வி. இந்த வகைப் புத்தகத்தில் ராஜா வரமாட்டார், அரக்கன் சாகமாட்டான். பெரியவர்கள் கடையில் எடுத்துப் புரட்டிவிட்டு “இதுல ஒண்ணுமே இல்லையே” என்று திரும்ப வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் அதையே மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

நான் நம்புவது இது: பிள்ளையைப் பார்த்து “இதை ரசி” என்று சொல்லக் கூடாது. புத்தகமும் சொல்லக் கூடாது, படித்துக்காட்டுகிறவரும் சொல்லக் கூடாது. பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க இடம் விட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே இதை ஒட்டித்தான்.

1. முதலில் நூலகம், அப்புறம் கடை

புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அங்கே போங்கள். முதல் ஓரிரு முறை நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையை அலமாரி முன்னால் விட்டுவிட்டு, எந்தப் புத்தகத்தை இழுக்கிறது, எந்தப் பக்கத்தில் விரல் வைத்து நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். கடையில் இது முடியாது. விற்பனையாளர் பக்கத்தில் வந்து நிற்பார், நமக்கும் அவசரம் வந்துவிடும். வீட்டுக்கு எடுத்து வர சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் பகுதிக் கிளை நூலகத்திலோ உறுப்பினராகிக்கொள்ளலாம். கிளை நூலகங்களில் சிறுவர் புத்தகங்கள் பெரும்பாலும் கீழ்த்தட்டில் ஒரு மூலையில் கிடக்கும். வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்து தேடுங்கள்.

பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள் வகுப்பறைக்கு வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் கதைகள் அதில் நிறைய. எது பிடித்திருந்தது என்று பிள்ளையிடமே கேட்டால் பெயர் சொல்லும்.

கைக்காசு செலவழிக்காமல் பார்க்க இன்னொரு வழி, பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழிலேயே ஏராளமான படப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுவதால் இறக்கி, அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயர்கள் உள்ள பக்கத்தையும் சேர்த்து அச்சடியுங்கள், அதுதான் முறை. ஆனால் பிள்ளைக்குப் படித்துக்காட்டுவதைக் கைபேசியில் செய்யாதீர்கள். நடுவில் ஒரு அழைப்பு வரும், அதோடு எறும்பு போச்சு.

வாங்கும்போது மேலவெளி வீதியில் சர்வோதய இலக்கியப் பண்ணையில் கேட்டுப் பாருங்கள். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் போனால் பல பதிப்பகங்களை ஒரே நடையில் பார்த்துவிடலாம், விலையிலும் பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். தேட வேண்டிய பெயர்கள்: சென்னையின் தூலிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால் புஸ்தகாலய வரிசை, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன். தூலிகா 1996-ல் தொடங்கிய பதிப்பகம். ஒரே புத்தகத்தை இந்திய மொழிகள் பலவற்றில் கொண்டுவருகிறது, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் உள்ள பதிப்புகளும் உண்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்துத் தமிழ் எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு அந்த இருமொழிப் பதிப்பு நல்ல தொடக்கம்.

2. எடுப்பதா வைப்பதா: கடையில் நின்று பார்க்க வேண்டியவை

கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். அங்கே ஒரு பெரியவர் வந்து “ஆகவே குழந்தைகளே” என்று ஆரம்பித்தால் அந்தப் புத்தகம் நமக்கு வேண்டாம். நீதி சொல்லும் மரபு தமிழில் மிகப் பழையது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அந்த வேலையை நாலே சொல்லில் அழகாகச் செய்துவைத்திருக்கின்றன. அவற்றை அவற்றுக்குரிய நேரத்தில் படிக்கலாம். எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தோளைத் தட்டி “எறும்பு மாதிரி சுறுசுறுப்பா இருக்கணும்” என்று சொன்ன மாத்திரத்தில் எறும்பு மறைந்துவிடும், சுறுசுறுப்பு மட்டும் நிற்கும்.

இன்னொரு வகையையும் தவிர்க்கச் சொல்வேன், கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். வசதியான வீட்டுப் பிள்ளை சாப்பாட்டை ஒதுக்கும், தெருவில் ஓர் ஏழைப் பிள்ளையைப் பார்க்கும், “நமக்கு எவ்வளவு இருக்கிறது” என்று உணர்ந்து திருந்தும். நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் மாடியில் தறி ஓட்டுகிறவர் பிள்ளையும் கடை வைத்திருப்பவர் பிள்ளையும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் ஒரு பிள்ளை பாடம் படிக்க, இன்னொரு பிள்ளை பாடமாகிவிடும். அடுத்த வீட்டில் இல்லாததைக் காட்டித்தான் தன் வீட்டில் இருப்பதைப் பிடிக்கவைக்க வேண்டுமா? ஓட்டு வீட்டுக்குள் இடுக்கு வழியாக வெயில் காசு காசாக விழும். மாடி வீட்டில் அது விழாது. அந்த வெயிலை வரைந்த புத்தகத்தைத் தேடுங்கள்.

அடுத்து, ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். பிறகு கையை எடுத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது சுமாரான புத்தகம். “மீனா அம்மாச்சியோடு கடைக்குப் போனாள்” என்பது எழுத்து. படத்தில் மீனா அம்மாச்சியின் செருப்புத் தடத்துக்குள் தன் காலை வைத்து வைத்து நடக்கிறாள். கடைக்காரர் பார்க்காதபோது அணில் ஒன்று பொரி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. எழுத்து இதைப் பற்றி மூச்சே விடவில்லை. இப்படிப்பட்ட புத்தகத்தில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும், படிக்கத் தெரிந்த நாம் பின்னால் வருவோம். வீட்டில் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற பெருமையை நீங்களே பார்ப்பீர்கள்.

பிறகு ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள், கடையிலேயே, சன்னமான குரலில். தமிழில் கிடைக்கும் படப் புத்தகங்களில் கணிசமானவை மொழிபெயர்ப்பு. சில நன்றாக இருக்கும். சில “அவள் மிகுந்த மகிழ்ச்சியடைந்தவளாகத் தன் நன்றியுணர்வை வெளிப்படுத்தினாள்” என்று போகும். உங்கள் நாக்கு எங்கே தட்டுகிறதோ அங்கே பிள்ளையின் காதும் மூடிக்கொள்ளும். வாக்கியம் குட்டியாக, மூச்சுக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும். சந்தோஷம், மகிழ்ச்சி, அற்புதம், அழகு என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தால் சந்தேகப்படுங்கள். அந்த உணர்ச்சியைப் படம் கொண்டுவந்திருந்தால் எழுத்து இவ்வளவு கத்த வேண்டியிருக்காது.

அச்சமைப்பையும் ஒரு பார்வை பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். வரி முடிவில் சொல்லைப் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அடர்நிறப் படத்தின் மேல் கறுப்பு எழுத்து இருந்தாலும் இதே கதிதான். முதுகில் பசை வைத்து ஒட்டிய பைண்டிங் என்றால் இரண்டு பக்கம் சேர்ந்த பெரிய படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறதா என்று விரித்துப் பாருங்கள். நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம் தரையில் தட்டையாக விரியும், சின்னக் கைக்கும் அடங்கும், விலையும் குறைவு. மூன்று வயதுக்குக் கீழே என்றால் கெட்டி அட்டைப் பக்கங்கள் உள்ளதாக வாங்குங்கள், மற்றதைக் கடித்துவிடும். பிரதம் புக்ஸ் புத்தகங்களின் பின்னட்டையில் ஒன்றிலிருந்து நான்கு வரை வாசிப்பு நிலை போட்டிருக்கும். பிள்ளை தானே படிப்பதற்குத்தான் அந்தக் கணக்கு. நீங்கள் படித்துக்காட்டுவதாக இருந்தால் ஒரு நிலை மேலே எடுத்தாலும் தப்பில்லை.

எழுத்தே இல்லாத படப் புத்தகமும் உண்டு. ஒன்றாவது கட்டாயம் வாங்குங்கள். பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா பேரனை மடியில் வைத்துக்கொண்டு முழுப் புத்தகத்தையும் “படித்துக்காட்ட” அது ஒன்றுதான் வழி. எங்கள் மாடியில் நான் கேட்டதிலேயே நீண்ட, சுவையான வாசிப்புகள் அப்படி எழுத்தில்லாத புத்தகத்தை வைத்து அப்பத்தாக்கள் சொன்னவைதான். ஒரே படத்துக்கு ஒவ்வொரு வாரமும் வேறு கதை வரும்.

பனி கொட்டும் ஊர்ப் புத்தகம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால் அலமாரியில் பாதியாவது நம் பக்கத்து வெயிலும் வேப்பமரமும் நுங்கு வண்டியும் இருக்கட்டும். தன் தெருவில் இருப்பதும் புத்தகத்தில் வரத் தகுந்ததுதான் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பனிப் புத்தகம் படித்த அன்று ஜிகர்தண்டா கடையில் ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துக் கரையும்வரை பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஊர் இந்த ஊருக்கு வந்துவிடும்.

3. பிள்ளைக்கு முன் நீங்கள் ஒருமுறை

வாங்கிய புத்தகத்தைப் பிள்ளை தூங்கிய பிறகு நீங்கள் தனியாகப் படியுங்கள். எங்கே பக்கம் திருப்புவதற்கு முன் நிறுத்த வேண்டும், எந்தப் படத்தில் மூலையில் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள். எழுத்துநடை கொஞ்சம் விறைப்பாக இருந்தால் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். “அங்கே சென்றான்” என்பதை “அங்கிட்டுப் போனான்” என்று படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஐந்தாறு வயதில் பிள்ளை எழுத்தின் மேல் விரல் ஓட்ட ஆரம்பித்த பிறகு மட்டும் அச்சில் உள்ளபடியே படியுங்கள், இல்லாவிட்டால் “அப்படிப் போடலையே” என்று சண்டைக்கு வரும்.

4. படித்துக்காட்டும் நேரம்

நேரம் எதுவாகவும் இருக்கலாம், உங்களுக்குத் தூக்கம் சொக்காத நேரமாக இருந்தால் போதும். பட்டறை வேலை, கடை வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வரும் அப்பா காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் படிக்கலாம். படப் புத்தகம் ஒன்று அதற்குள் முடிந்துவிடும்.

ஒரே பிள்ளை என்றால் மடியிலோ பக்கத்திலோ. பக்கம் திருப்பும் வேலை பிள்ளையுடையது. கூட்டமாக இருந்தால் புத்தகத்தை உங்கள் தோளுக்குப் பக்கத்தில், படம் அவர்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் எழுத்தைப் பார்த்துப் படிக்கப் பழக வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகக் காட்டுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு மேல் போனால் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள். பின்வரிசைப் பிள்ளைக்கு மூலையில் இருக்கும் எறும்பு தெரியவில்லை என்றால் இந்தப் புத்தகத்தை எடுத்ததே வீண்.

முதல் வாசிப்பில் நிறுத்தாமல் படியுங்கள். அட்டையைக் காட்டி, எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சொல்லி, நேராக உள்ளே போய்விடுங்கள். “இது என்ன கலரு? அது என்ன எழுத்து?” என்று நடுநடுவே பரீட்சை வைக்காதீர்கள். முடிந்ததும் மூடி வையுங்கள், சும்மா இருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் “திரும்ப” என்பார்கள்.

இரண்டாம் முறைதான் பேச்சு. 1988-ல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் சிலருக்கு, ஒரே சொல்லில் பதில் வராத கேள்விகளைக் கேட்கவும், பிள்ளை சொன்னதை எடுத்து நீட்டிப் பேசவும் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கம்போல் படித்துக்காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளின் பேச்சு ஒரு மாதத்திலேயே முன்னுக்குப் போயிருந்தது. நம் வேலைக்கும் இந்த முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. “இங்க ஓரத்துல என்ன நடக்குது?”, “இந்தப் பாப்பா ஏன் கீழ பாத்துக்கிட்டே போறா?”, “இந்தப் பக்கத்துல நீ இருந்தா எங்க நிப்ப?” இப்படிக் கேளுங்கள். கேட்ட பிறகு காத்திருங்கள். நமக்கு நீளமாகத் தோன்றும் அந்த மௌனத்தில்தான் பிள்ளை படத்துக்குள் போய்த் தேடிக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டுப் பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

பிள்ளை சொல்வது தப்பாகத் தெரிந்தாலும் திருத்தாதீர்கள். படத்தில் நிலா, பிள்ளை “தோசை” என்கிறது. “தோசையா? யாரு சுட்டா?” என்று கேளுங்கள், அதற்கு வரும் பதிலைக் கேட்டு மகிழுங்கள். ஒரு கேள்வியை மட்டும் எந்த வீட்டிலும் கேட்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: “இந்தக் கதையிலருந்து என்ன கத்துக்கிட்ட?” அதைக் கேட்டு முடிப்பதற்குள் பிள்ளையின் முகம் பள்ளிக்கூட முகமாகிவிடும்.

மூன்றாவது, நான்காவது முறை புத்தகத்தைப் பிள்ளையிடமே கொடுத்து உங்களுக்குப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் படித்துவிடும். ஒரே புத்தகத்தையே வாரக்கணக்கில் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இன்னும் பார்க்காத எதையோ அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

5. புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவுக்கு

படித்த மறுநாளே வெளியே கூட்டிப் போங்கள். தூரமாகப் போக வேண்டியதில்லை, தெருமுனை போதும். ஒரே நிபந்தனை: ஒவ்வொருவரும் ஒரு சின்ன விஷயத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். நீங்களும் சேர்த்துத்தான். பறிக்கவோ எடுத்துவரவோ வேண்டாம், பார்த்தால் போதும்.

எங்கள் பிள்ளைகள் அதிக நேரம் நின்றது பூக்கார அம்மாவின் முன்னால். பெட்டியில் ஈரத்துணிக்குள் மல்லிகை மொட்டு. விடியக்காலையில் பறித்தது, இருட்டின பிறகுதான் விரியும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் ஒன்றையொன்று பார்க்க, நாரை ஒரு சுற்று சுற்றி விரலில் ஒரு கண்ணி போட்டு இழுத்தால் முடிச்சு. பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலேயே கட்டுகிறார். அப்புறம் முழம் போடுவது: முழங்கையில் சரத்தின் ஒரு நுனி, நடுவிரல் நுனியில் மறு நுனி. இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி வாங்கிய ஒரு முழத்தைத் தன் கையில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, “என் கைக்கு ஒன்றரை முழம் வருது!” என்று கத்தினாள். “அப்ப நாளைக்கு நீ வந்து அளந்து வித்துரு தாயி, எனக்கு லாபம்” என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான் நடந்தது. அதுதான் அந்த மாதம் முழுக்க எங்களுக்குப் பேச்சு. வீட்டில் எல்லோருடைய கையையும் பூச்சரத்தால் அளந்துவிட்டு வந்தார்கள்.

இன்னும் கொஞ்சம் தூரம் போக முடிந்தால் விடியற்காலை மாட்டுத்தாவணி பூச்சந்தை, சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளப் படிக்கட்டு. நவராத்திரிக்கு முந்தைய மாதங்களில் விளாச்சேரி போனால் கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதுவதைப் பார்க்கலாம். ஒரு புள்ளி வைத்ததும் களிமண் நம்மைத் திரும்பிப் பார்க்கும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே மலையையும் குடைவரையையும் சமணர் படுக்கையையும் பெரியவர்கள் பார்க்கட்டும், பிள்ளைகளைச் சுனை ஓரத்துத் தும்பியோடு விட்டுவிடுங்கள். ஒரு நடைக்கு ஓர் இடம்தான். நாலு இடத்தை ஒரே நாளில் முடித்தால் அது சுற்றுலா.

6. உங்கள் வீட்டுப் படப் புத்தகம் ஒன்று

இதுவரை வந்தவர்கள் இந்தப் படியை விட்டுவிடக் கூடாது. தானே ஒரு புத்தகம் செய்த பிள்ளை மற்ற புத்தகங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

வேண்டியவை: ஏ4 அளவில் கொஞ்சம் கெட்டியான வெள்ளைத்தாள் நான்கு, அட்டைக்கு அதே அளவில் வெட்டிய சார்ட் தாள் ஒன்று, ஊசி, தடித்த நூல். ஜெராக்ஸ் தாளில் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், அதனால் 120 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேல் கேட்டு வாங்குங்கள்.

நான்கு தாளையும் ஒன்றாக அடுக்கிக் குறுக்கே மடியுங்கள். பதினாறு பக்கம் வந்துவிடும். சார்ட் தாளையும் மடித்து மேலே போர்த்துங்கள். விரித்து வைத்து மடிப்புக் கோட்டில் ஊசியால் மூன்று ஓட்டை: நடுவில் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. இது பெரியவர் வேலை. உள்பக்கத்திலிருந்து நடு ஓட்டை வழியாக ஊசியை வெளியே எடுங்கள், ஒரு சாண் நூலை உள்ளே விட்டுவையுங்கள். வெளியிலிருந்து மேல் ஓட்டை வழியாக உள்ளே. உள்ளேயே நடு ஓட்டையைத் தாண்டி நேராகக் கீழ் ஓட்டைக்குப் போய் வெளியே. மறுபடி நடு ஓட்டை வழியாக உள்ளே. இப்போது இரண்டு நுனியும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீள நூலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நுனியாக வைத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். தைத்த பிறகுதான் வரைய வேண்டும். தனித்தனித் தாளில் வரைந்துவிட்டு அடுக்கினால் எந்தப் பக்கம் எங்கே வரும் என்று தலைசுற்றும்.

முதல் பக்கம் தலைப்பு. கடைசிப் பக்கம் எழுதி வரைந்தவரைப் பற்றி இரண்டு வரி. இடையில் ஏழு இரட்டைப் பக்கங்கள் கிடைக்கின்றன. அதற்குள் ஒரே ஒரு சின்ன விஷயம் போதும். முழப் பாப்பா செய்த புத்தகத்தில் இரட்டைப் பக்கத்துக்கு ஒரு கை: பூக்கார அம்மாவின் கை, அம்மா கை, அப்பா கை, அம்மாச்சி கை, தம்பி கை. ஒவ்வொன்றின் மேலும் அதே சரம், ஒவ்வொன்றிலும் வேறு அளவு. எட்டாம் ஒன்பதாம் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளின் உட்பக்கம், அங்கே மட்டும்தான் படம் வெட்டுப்படாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும். அப்பாவின் நீளமான கை அங்கே வந்தது. இதைப் போல உங்கள் புத்தகத்தின் பெரிய படத்தையும் அந்த நடுப்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஏதாவது இருந்தால் வலதுபக்கத்தில் எழுதி, பதிலைத் தாளைத் திருப்பினால் வரும் இடதுபக்கத்தில் வையுங்கள். திருப்பும் அந்த நொடியில் படிப்பவருக்கு ஆவல் பிறக்கும்.

எழுதத் தெரியாத பிள்ளை வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சொன்னது சொன்னபடி. “பூ நீளமா இல்ல, என் கைதான் குட்டி” என்று சொன்னால் அதையே எழுத வேண்டும். அதை நல்ல தமிழாக்குகிறேன் என்று கை வைக்க வேண்டாம். பக்கத்துக்கு ஒரு வாக்கியம் போதும், சில பக்கங்களில் வாக்கியமே வேண்டாம். எழுத்துக்கான இடத்தைப் பென்சிலால் கட்டம் போட்டு ஒதுக்கிவிட்டுத்தான் படம் வரையச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சூரியன் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். படத்தைப் பெரியவர் திருத்தக் கூடாது. கையில் ஆறு விரல் இருந்தால் இருக்கட்டும். மெழுகு வண்ணம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும், அதற்குக் கலர் பென்சில் மேல். கோடுகளைக் கறுப்புப் பேனாவால் இழுத்திருந்தால் ஜெராக்ஸ் எடுத்துத் தோழர்களுக்குக் கொடுக்கலாம், அவர்கள் வண்ணம் தீட்டிக்கொள்வார்கள்.

7. வைத்திருக்கும் முறை

பூட்டிய பீரோவில் வைக்க வேண்டாம். பிள்ளையின் இடுப்பு உயரத்தில் ஒரு பலகையோ, சுவரில் ஆணி அடித்துக் கட்டிய கயிறோ போதும். முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரிய வையுங்கள், எழுத்துத் தெரியாத பிள்ளை அட்டையைப் பார்த்துத்தான் எடுக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே வைக்காமல் ஏழெட்டை மட்டும் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். பிள்ளையே செய்த புத்தகமும் கடைப் புத்தகங்களோடு அதே வரிசையில் நிற்க வேண்டும்.

கிழியத்தான் செய்யும். செல்லோ டேப் நாளடைவில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். மெல்லிய வெள்ளைத்தாளைப் பட்டையாகக் கிழித்து, மைதா காய்ச்சிய பசையை மெல்லத் தடவி மடிப்போரமாக ஒட்டிக் காயவையுங்கள். பசை நன்றாகக் காயாவிட்டால் கரப்பான் வரும், அதனால் ஒட்டியதை ஒரு நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்துவிட்டு அப்புறம் அடுக்குங்கள்.